கோஜி மண்டபத்தில் சிவகௌரி

மூன்றாவது தடவையும் தவிடு பழுதாகியிருந்தது. மண்டபத்தின் உள்கதவைத் திறந்த உடனேயே சிவகௌரிக்குத் தெரிந்துவிட்டது. நல்ல கோஜி என்றால் வறுத்த கச்சான் கடலை போல மணக்கும். இது ஈரச்சாக்கு வாடை. கையுறை போட்ட விரலால் ஒரு பிடி எடுத்தாள். கையைத் தூக்கத் தூக்க அது நூல் நூலாக இழுபட்டது. 

சிவகௌரி என் தம்பி முருகேசுவின் மனைவி. ஜேர்மனியில் எசன் நகருக்கு வெளியே, மிசுநாகா என்ற யப்பான் கம்பனியின் தொழிற்சாலையில் காலை ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருந்தவள். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, உழைக்கும் பெண் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். இவளைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். விருது வாங்கிய பெண்கள் எத்தனையோ பேர் இருக்க இவளை ஏன் என்றார்கள். விருது வாங்கியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிவகௌரியிடம் கேட்டபோது அவள் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எழுதுவதானால் முழுவதையும் எழுத வேண்டும் என்றாள்.

கோஜி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவித்து ஆறவைத்த தவிட்டில் ஒருவகைப் பூஞ்சணத்தின் வித்தைத் தூவி, வெக்கையும் ஈரமுமான மண்டபத்தில் இரண்டு நாள் வளர விடுவார்கள். தவிடு முழுவதும் வெள்ளையாகப் பூத்து வரும். அதுதான் கோஜி. அதிலிருந்து சமிபாட்டுக்கு உதவும் நொதியம் பிரித்து, மாத்திரையாக்கி, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அந்தரப்படுகிறவர்களுக்கு விற்பார்கள்.

மிசுநாகாவின் கதையே இந்தப் பூஞ்சணத்தின் கதைதான். யப்பானில் ஒரு குடும்பம் அரிசியில் கோஜி வளர்த்து, சாக்கே என்ற மதுவை வடித்து விற்றது. பிள்ளைகள் தலையெடுத்ததும் பியர் காய்ச்சத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் மதுவுக்கு அரிசி கிடைக்காமல் போக, அதே பூஞ்சணத்தை சோயாவில் வளர்த்து சோயா சோஸ் செய்தார்கள். பியர்த் தொட்டியின் அடியில் மிஞ்சும் ஈஸ்டை ஏன் வீணாக்குவான் என்று சூப்புக்குப் போடும் சுவைத்தூள் வந்தது. சாக்கே வடித்த சக்கையிலிருந்து முகத்துக்குப் பூசும் கிறீம் வந்தது. பிறகு உறைந்த நூடில்ஸ், பூக்கன்று, கடைசியாகச் சமிபாட்டு மாத்திரை. குடிக்கவும் கொடுத்து, தின்னவும் கொடுத்து, பிறகு அதற்கு மருந்தும் விற்கிற கெட்டித்தனம் வேறு யாருக்கு வரும் என்று சிவகௌரியைச் சீண்டுவேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிறந்த வீட்டைக் குறை சொன்னது போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் போய் நின்ற முதல் இடம் மிசுநாகாவின் பியர்க் களஞ்சியம். அப்போது ஜேர்மனியில் கம்பனிக்கு இருந்தது அது ஒன்றுதான். டுசல்டோர்ஃப் யப்பான் உணவகங்களிலிருந்து திரும்பி வரும் வெறும் போத்தல் பெட்டிகளைக் கழுவி அடுக்குவது அவளுடைய வேலை. மாரியில் கைவிரல் வெடித்து இரத்தம் வரும். கம்பனி சோயா சோஸ் அடைக்கும் பிரிவைத் திறந்தபோது நான் வருகிறேன் என்று கையைத் தூக்கினாள். சுவைத்தூள் பிரிவு வந்தபோதும் கையைத் தூக்கினாள். நொதியப் பிரிவு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், கல்யாண வயதில் மகள் இருக்கும்போது, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து அவுஸ்பில்டுங் என்ற தொழிற்கல்வி படித்துச் சான்றிதழ் எடுத்தாள். என் தம்பி டாக்சி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிற எல்லோருக்கும், இதுதான் என் மனைவி பொறுப்பாக இருக்கிற மண்டபம் என்று காட்டிக்கொண்டு திரிந்தான். எனக்கும் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

புது மண்டபத்துக்குத் தலைவராக யப்பானிலிருந்து ஹிராயாமா என்பவர் வந்தார். இளமையில் சாக்கே ஆலையில் வேலை செய்தவர். கோஜிக்கு எமன் ஒரு கிருமி என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அது வைக்கோலிலும் புல்லிலும் மண்ணிலும் இருக்கும். கொதிக்கிற தண்ணீருக்கும் சாகாது. நாட்டோ என்று யப்பானியர் காலையில் சாப்பிடும் புளித்த சோயாவிலும் அதன் இனம்தான் இருக்கிறது. ஆகவே மண்டபத்தில் வேலை செய்கிறவர்கள் நாட்டோவைத் தொடக்கூடாது, குதிரை வளர்க்கிற வீட்டுப் பக்கம் போகக்கூடாது. மண்டபக் கதவுக்கு மேலே, உள்பக்கமாக, அவர் தங்கள் வழக்கப்படி பலகையால் ஒரு தட்டு அடித்து, அதில் மரத்தால் செய்த சின்னஞ்சிறு கோயில் ஒன்றை வைத்தார். அதற்கு வைக்கோல் கயிறுதான் கட்ட வேண்டுமாம். அவர் நைலோன் கயிறு கட்டினார். கடவுள் பொறுத்துக்கொள்வார், கோஜி பொறுக்காது என்றாராம். அந்தத் தட்டை அவரைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை.

இரண்டு கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு தொகுதி நாறியது. மண்டபத்தைக் கழுவி, இரசாயனம் அடித்து, மறுபடி தொடங்கினார்கள். இரண்டாவதும் நாறியது. ஆய்வுகூடத்தில் பார்த்தபோது வைக்கோல் கிருமிதான் என்று வந்தது. இப்போது மூன்றாவது.

யப்பான் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. கிருமி எங்கிருந்து வந்தது என்று அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் நொதியத் தொழிலையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தர மேற்பார்வையாளர் லிண்ட்னர் அம்மா எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். தரை, குழாய், தவிட்டுப் படுக்கை, சப்பாத்து, நகம் என்று எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து ஆய்வுக்கு எடுத்துப் போனார்கள். பிறகு, யாராவது நாட்டோ சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

ஒரு கை உயர்ந்தது. யோகேஷ். மதுரைப் பக்கத்துப் பெடியன். டார்ம்ஸ்டாட்டில் படித்துவிட்டு இங்கே ஆய்வுகூடத்தில் பொறியியலாளராகச் சேர்ந்தவன். சுத்த சைவம். யப்பான் கடையில் முட்டையும் மீனும் இல்லாத சாப்பாடு என்று தேடி நாட்டோவைக் கண்டுபிடித்து, அதற்கு அடிமையாகிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை டுசல்டோர்ஃபில் ஒரு தரம் சாப்பிட்டேன் என்று உண்மையைச் சொன்னான். அந்த ஒரு தரம்தானா என்று லிண்ட்னர் அம்மா கேட்டார். ஆம் என்றான்.

அப்போது சிவகௌரி வாயைத் திறந்தாள். மண்டபம் தொடங்கிய நாட்களில் சிற்றுண்டிச்சாலைக் குளிர்பெட்டியில் அவனுடைய பையில் நாட்டோப் பெட்டி ஒன்று இருந்ததைக் கண்டேன் என்றாள். கண்டது உண்மை. அது விதி வருவதற்கு முன்பு வாங்கியது, வீட்டுக்குக் கொண்டுபோய் எறிந்துவிட்டேன் என்று அவன் சொன்னான். அதை யார் கேட்டார்கள்? அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் முன்னால் அவனை வேலையால் நிறுத்துவதாக முடிவு. அவன் இருப்பது வேலை விசாவில். வேலை போனால் சில மாதங்களுக்குள் வேறு தேட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஸ்ரீநிதி என்ற அவனுடைய மனைவி அப்போதுதான் படிப்பின் கடைசிப் பகுதியில் இருந்தாள்.

சிவகௌரிக்கு அவன் மேல் முன்பே ஒரு சினம் இருந்ததை நான் மறைக்கப்போவதில்லை. அவன் அவளை மேடம் என்று கூப்பிட்டு இங்கிலீஷில் பாதி கதைப்பான். நேற்று வந்து இன்றைக்குப் பெரிய கதிரையில் இருக்கிறான் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். இவள் வெடித்த விரலோடு படிப்படியாக ஏறிய இடத்தில் அவன் லிஃப்டில் வந்து இறங்கியதாக அவளுக்கு ஒரு எண்ணம்.

புதன்கிழமை வேலை முடிந்து அவள் வந்தபோது, வாகனத் தரிப்பிடத்தில் யோகேஷ் காத்துக்கொண்டு நின்றான்.

“மேடம், நான் சாப்பிட்டது போன சண்டே. முதல் பேட்ச் கெட்டுப்போனது அதுக்கு முன்னாடியே. தேதியைப் பாத்தாலே தெரியும். நீங்க அந்தப் பெட்டி திறக்காம இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

“திறந்து இருந்ததோ, பூட்டி இருந்ததோ எனக்குத் தெரியாது. கண்டதைத்தான் சொன்னனான்.”

“இது நான் பண்ணது இல்ல மேடம். எங்க வேணா சத்தியம் பண்றேன்.”

தன்னால் ஒன்றும் ஏலாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். கண்ணாடியில் பார்த்தபோது அவன் நின்ற இடத்திலேயே நின்றானாம். விதியை மீறினவனுக்கு இது வேண்டும் என்று வீடு வரைக்கும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை பின்னேரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மறுநாள் மகள் கஜந்திக்குப் பல் மருத்துவ உதவியாளர் படிப்பின் கடைசிப் பரீட்சை. புதிதாக எதைத் தொடங்குவதானாலும் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைப்பது அந்த வீட்டில் வழக்கம். சிவகௌரி மஞ்சள் தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கையால் பிடித்து, வெற்றிலையில் வைத்தாள். கஜந்தி வெளியே போய்ப் புல் பிடுங்கிக்கொண்டு வந்தாள். எசனில் அறுகம்புல்லுக்கு எங்கே போவது? வேலியோரத்தில் எது நீளமாக வளர்ந்திருக்கிறதோ அதுதான் அறுகு. அதைப் பிள்ளையாரின் தலையில் செருகிவிட்டு, இதை எப்போது கரைக்கிறது அம்மா என்று கஜந்தி கேட்டாள்.

 சிவகௌரி கையில் மஞ்சளோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். முகத்தில் இரத்தம் இல்லை. மயக்கமாக்கும் என்று நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

“மச்சாள், நான் அதைக் கரைக்கேல்லை” என்றாள்.

மண்டபம் திறந்த அன்று இவளும் ஒரு பிள்ளையார் பிடித்து வைத்திருக்கிறாள். வீட்டில் இல்லை, மண்டபத்துக்குள். ஹிராயாமாவின் தட்டில், அந்த மரக்கோயிலுக்குப் பின்னால். எப்படி உள்ளே கொண்டுபோனாய் என்று கேட்டேன். காற்சட்டைப் பைக்குள் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனாளாம். அவருடைய ஆட்கள் மேலே இருக்கிறார்கள், எங்களுடைய ஆளும் ஒரு ஓரத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாளாம். இரண்டு மூன்று நாளில் எடுத்துத் தண்ணீரில் கரைத்துவிட எண்ணியிருந்தாள். இடையில் அவளை வேறு ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வந்ததும் வேலை கழுத்தை நெரித்தது. பிள்ளையார் மேலேயே இருந்துவிட்டார்.

அவர் தலையில் புல் இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில்தான் ஈரக்காற்றுக் குழாயின் வாய். புல் பச்சையாக இருந்த வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. காய்ந்து பொடியானதும் காற்று அதை அள்ளிக் கொண்டுபோய்த் தவிட்டில் தூவியிருக்கிறது. வைக்கோல், குதிரை, நாட்டோ என்று நாள் முழுக்கக் கதைத்த மனுசிக்கு இது ஏன் நினைவு வரவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், பிள்ளையார் தலையில் செருகியது அவளுக்குப் புல்லாகவே இருக்கவில்லை. அது பூசைச் சாமான். அதில் கிருமி இருக்கும் என்று எங்களில் யார்தான் நினைப்போம்? அந்தத் தட்டு சாமித்தட்டு என்பதால், பஞ்சோடு வந்தவர்களும் அதைத் தொடவில்லை.

அதற்குள் முருகேசு வேலையால் வந்துவிட்டான். எல்லாவற்றையும் கேட்டான். 

“நாளைக்கு வெள்ளனப் போய் அதை எடுத்துப்போட்டு வாயை மூடிக்கொண்டு இரும். மண்டபம் தன்பாட்டில சரிவரும். ஆருக்கும் தெரிய வராது.”

“அப்ப அந்தப் பெடியன்?” என்றாள் சிவகௌரி.

“அவன் படிச்சவன். எங்கையும் வேலை எடுப்பான். உமக்கு இந்த வயசில ஆர் வேலை தருவினம்?”

அவன் என் கூடப்பிறந்தவன் என்றாலும் சொல்கிறேன், எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. பிள்ளையாரை முன்னால் வைத்துக்கொண்டு நல்ல யோசனை சொல்கிறாய் என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அதிலே நியாயம் இல்லை என்று அவனுக்கும் தெரியும். பயம். பயந்தவனோடு என்ன கதைப்பது? கஜந்தி தன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையும் திருப்பாமல் இருந்தாள். சிவகௌரி கையைக் கழுவினாள். மஞ்சள் போகவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்பாகப் போனாள். மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து ஏறினாள். மரக்கோயிலுக்குப் பின்னால் கையை விட்டாள். பிள்ளையார் வெடித்து, காய்ந்து, அங்கேயே இருந்தார். புல்லில் அடிக்கட்டை மட்டும் மிச்சம். கைக்குள் அடங்கிவிட்டது. பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினால் கதை முடிந்தது. வெளியே நடையில் யாரோ கதைத்துக்கொண்டு போனார்கள். சத்தம் கிட்ட வந்து, பிறகு தூரப் போனது. 

பிள்ளையாரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

ஏன் எடுக்கவில்லை என்று பிறகு கேட்டேன். “எடுத்துப்போட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சால், பயத்தில சொல்லாமலே விட்டிருப்பன் மச்சாள். அது மேல இருந்தால்தான் நான் சொல்லுவன்” என்றாள். தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தவளை நான் வேறு கண்டதில்லை.

கூட்ட அறையில் தலைமையகத்து ஆட்கள் இருவர், லிண்ட்னர் அம்மா, ஹிராயாமா, தொழிலாளர் சபைப் பிரதிநிதி. மேசையின் மறு கரையில் யோகேஷ், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டோடு. வேலையால் நிறுத்தும் கடிதம் அவன் முன்னால் இருந்தது. சிவகௌரி கதவைத் தட்டிவிட்டு, வரச் சொல்வதற்கு முன்பே உள்ளே போனாள். கிருமி இவரிடமிருந்து வரவில்லை, தட்டில் இருக்கிறது, வைத்தது நான் என்று ஜேர்மன் மொழியில் சொன்னாள். என்ன வைத்தீர்கள் என்று லிண்ட்னர் அம்மா கேட்டார். மஞ்சள் பிள்ளையாருக்கு ஜேர்மன் மொழியில் என்ன சொல்வது? என்னுடைய கடவுளை வைத்தேன் என்றாளாம்.  ஹிராயாமா, அதில் வைக்கோல் இருக்கிறதா என்று கேட்டார். புல் இருக்கிறது என்றாள். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

அவரே ஏணியில் ஏறினார். வேறு யாரையும் விடவில்லை. இடுக்கி கொண்டு வந்து கொடுத்தார்கள். அதை வாங்காமல், கையுறை போட்ட இரண்டு கைகளாலும் பிள்ளையாரை எடுத்து ஆய்வுப் பைக்குள் வைத்தார். யோகேஷின் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு முடிவு வரும் வரைக்கும் சிவகௌரியை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் அவள் சாப்பிட்டதை நான் காணவில்லை. முருகேசுவும் அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. கஜந்தி பரீட்சையில் சித்தியடைந்த செய்தியைக்கூட அந்த வீட்டில் மெதுவாகத்தான் சொன்னாள்.

அதே கிருமிதான் என்று முடிவு வந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் மண்டபம் ஜேர்மனியிலேயே இருக்கும் என்று தலைமையகம் சொன்னது. யோகேஷ் வேலைக்குத் திரும்பினான். சிவகௌரியை வேலையால் நிறுத்தவில்லை, தொழிலாளர் சபை விடவில்லை. ஆனால் பொறுப்பைப் பறித்து, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, இனி எந்த மண்டபத்துக்குள்ளும் கால் வைக்கக்கூடாது என்று களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். பியர்க் களஞ்சியம். வெறும் போத்தல் பெட்டிகள். கம்பனி எத்தனையோ கிளை விட்டு வளர்ந்த பிறகு இவள் மட்டும் தொடங்கின இடத்துக்கே போய்ச் சேர்ந்தாள்.

அவள் மண்டபத்திலிருந்து தன் சாமான்களை எடுக்கப் போன அன்று ஹிராயாமா தன்னுடைய தட்டையும் கழற்றிக்கொண்டிருந்தார். இனிமேல் கழுவ முடியாத எதுவும் மண்டபத்துக்குள் இருக்கக்கூடாது என்று புது விதி, எழுதியவர் அவரே. மரக்கோயிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடையில் வந்தவர், அவளைக் கண்டதும் நின்று, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.  எச்சரிக்கைக் கடிதத்துக்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

சில கிழமைக்குப் பிறகு ஒரு மத்தியானம் யோகேஷ் களஞ்சியத்துக்கு வந்தான். ஆய்வுகூட வெள்ளைக் கோட்டோடு, ஈரத் தரையில் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றான். அவள் தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள்.

“விசாரணை முடிஞ்சுது மேடம். சாம்பிளை ஸ்டெரிலைஸ் பண்ணி வேஸ்ட்ல போடச் சொன்னாங்க. ஸ்டெரிலைஸ் பண்ணிட்டேன். வேஸ்ட்ல போட மனசு வரல. தண்ணி விட்டுக் கரைச்சுட்டேன்.”

சிவகௌரி அவனைக் கும்பிட்டாள். செய்ததுக்கு மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள்.

“உங்களுக்காகக் கரைக்கல மேடம்” என்றான். “அந்தப் பெட்டியைப் பாத்ததாச் சொன்னப்போ உங்க முகத்தைப் பாத்தேன். உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதை என்னால மறக்க முடியல.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். இப்போதும் சிற்றுண்டிச்சாலையில் கண்டால் தலையாட்டுவான், அவ்வளவுதான். அவன் சொன்னது சரிதான் மச்சாள், எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள். இதை எழுத வேண்டாம், நீ உண்மையைச் சொன்ன வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிடுகிறேன், அதுதான் உனக்கு அழகு என்றேன். அவள் கேட்கவில்லை. முழுவதையும் எழுத வேண்டும் என்று அவள் நிபந்தனை போட்டது இந்த ஒரு இடத்துக்காகத்தான்.